பெப்டைடு ஊசி போட்டால் வயசு குறையுமா? காரைக்குடிப் பக்கம் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவனிடம் வழக்கமாக என்ன கேட்பார்கள்? சர்க்கரை மாத்திரை வேறு கம்பெனியில் இருந்தால் வாங்கலாமா, கால் வீக்கத்துக்கு என்ன, அவ்வளவுதான். கொஞ்ச காலமாகக் கேள்விகளின் ரகம் மாறியிருக்கிறது. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகள் சாந்திக் கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ ஊருக்கு வரும்போது, பெட்டியில் கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகளோடு வந்து, "அண்ணே, இதை அப்பச்சிக்குப் போடலாமா, செல்லே இளமையாகுமாம்" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இது. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எவ்வளவு போடுவது, எப்படிப் போடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது.

பெப்டைடு என்றால் என்ன?

அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சின்னச் சங்கிலி. ஏறக்குறைய ஐம்பதுக்குள் இருந்தால் பெப்டைடு, அதைத் தாண்டி நீண்டு மடிந்தால் புரதம் என்பது தோராயமான கணக்கு. உடம்புக்குள் இந்தக் கோக்கிற வேலையை ரைபோசோம் செய்கிறது. (ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர், நம்ம பக்கத்து ஆள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்வதற்கு 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னச் சின்னப் பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டவைத்து, கழுவி, அடுத்ததைச் சேர்த்து, மறுபடி கழுவி என்று ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போவது. அதற்கு 1984-இல் நோபல் கிடைத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற செயற்கை பெப்டைடுகளில் பெரும்பாலானவை இந்த வழியின் வாரிசுகள்தான். கழுத்திரு (நகரத்தார் கல்யாணத்தில் போடுகிற தாலி மாலை) கோப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: உரு ஒன்று விடுபட்டாலோ இடம் மாறினாலோ வீட்டுப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உடம்பும் இந்த விஷயத்தில் அப்படித்தான்.

இன்சுலினும் பெப்டைடு, உடம்பு இளைக்கப் போடுகிற ஊசியும் பெப்டைடு. அவற்றை நீங்களே விற்கிறீர்கள். இதற்கு மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

நியாயமான கேள்வி. என்னிடம் கேட்கப்பட்டதில் இதுதான் ஆகச் சிறந்த கேள்வியும்கூட.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை; போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது, சர்க்கரையும் பெரிதாக இறங்கவில்லை. நிறுத்திவிட்டு, ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் ராப்பகலாக உட்கார்ந்து அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, 12 நாள் கழித்துப் போட்ட ஊசிதான் அந்தப் பையனைக் காப்பாற்றியது. மூலக்கூறு முதல் நாளும் அதேதான். மாறியது சுத்தம்.

உடம்பு இளைக்கப் போடுகிற செமாகுளுட்டைடு 31 அமினோ அமிலச் சங்கிலி. அதை இதய நோயாளிகளில் சோதித்த ஒரே ஒரு ஆய்வில் மட்டும் 17,604 பேர் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் முடிவு வந்தது. யாருக்குக் குமட்டும், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். இளமைக்கு என்று வருகிற குப்பிகளில் ஒன்றுக்குக்கூட ஆயுளை நீட்டுகிறதா என்று பார்க்க இப்படி ஒரு மனித ஆய்வு நடந்ததில்லை. பெப்டைடு என்ற இனத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சோதனை நடந்ததா இல்லையா என்பதில்தான் என் கண்.

எபிடலான் போட்டால் டெலோமியர் நீளுமாமே?

முதலில் டெலோமியர். குரோமோசோமின் நுனியில் இருக்கிற காப்புப் பகுதி. செல் பிளக்கப் பிளக்க இது தேய்கிறது, ரொம்பத் தேய்ந்தால் செல் பிளப்பதை நிறுத்திவிடுகிறது. டெலோமரேஸ் என்ற நொதி அதை மறுபடி நீட்டும். இதைக் கண்டுபிடித்ததற்கும் 2009-இல் நோபல் உண்டு, பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் என்று மூன்று பேருக்கு.

எபிடலான் நாலே நாலு அமினோ அமிலம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாடிமிர் காவின்சன் என்பவரின் குழு, மாட்டின் மூளையில் இருக்கிற பினியல் சுரப்பியின் சாற்றிலிருந்து தொடங்கி இதற்கு வந்து சேர்ந்தது. 2003-இல் தட்டில் வளர்த்த மனிதச் செல்களில் டெலோமரேஸ் வேலை செய்யத் தொடங்கியது என்று எழுதினார்கள். விளம்பரங்கள் எல்லாம் இந்த இடத்தோடு நின்றுவிடும். அதே குழுவினர் பெண் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது சராசரி ஆயுள் கூடவில்லை. கடைசிவரை பிழைத்திருந்த எலிகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்தன. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. பெரும்பாலான வேலை ஒரே வட்டாரத்திலிருந்து வந்தது என்பதும் எனக்கு உறுத்தல். வெளியே வேறு வேறு இடங்களில் பெரிய அளவில் செய்து அதே முடிவு வந்தால்தான் நம்பிக்கை பிறக்கும்.

இன்னொன்று. புற்றுநோய்ச் செல்களில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதம், தாங்கள் சாகாமல் இருக்க இந்த டெலோமரேஸைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றன. எபிடலான் போட்டால் புற்றுநோய் வரும் என்று சொல்ல வரவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் எழுபது வயதில் உடம்பில் எந்த மூலையில் எந்தச் செல் காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அந்த நொதியைத் தட்டி எழுப்புவது விளையாட்டில்லை.

மைட்டோகாண்டிரியா பெப்டைடு என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

அறிவியலாகப் பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்டிரியாவுக்குச் சொந்தமாகக் குட்டி டி.என்.ஏ. உண்டு. அதில் புரதம் தயாரிக்கும் குறிப்பே இல்லை என்று நினைத்திருந்த பகுதியிலிருந்து குட்டிப் பெப்டைடுகள் வருகின்றன என்பது 2001-இல் ஜப்பானில் ஹியூமானின் கண்டுபிடிக்கப்பட்டபோது தெரிந்தது. அதை அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவிலிருந்து தேடி எடுத்தார்கள். 2015-இல் கலிஃபோர்னியாவில் மாட்ஸ்-சி வந்தது, 16 அமினோ அமிலம். கொழுப்பைத் தின்னக் கொடுத்த எலிகளுக்கு இதைப் போட்டால் உடம்பு பெருக்கவில்லை, இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. 2021-இல் கிழட்டு எலிகளுக்குப் போட்டு ஓடவிட்டார்கள், முன்னைவிட நன்றாக ஓடின. அதே ஆய்வில் மனிதர்களையும் சைக்கிள் மிதிக்க விட்டுப் பார்த்தார்கள்: உடற்பயிற்சி செய்தவர்களின் தசையில் மாட்ஸ்-சி தானாகவே கூடியிருந்தது. குப்பியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிரிக்கிறார்கள், நடக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

இந்த வரிசையில் நிஜ மருந்தாகவே ஆனது ஒன்று உண்டு. எஸ்.எஸ்.-31 என்று ஆய்வகத்தில் அழைத்த எலாமிப்ரெடைட். நாலு அமினோ அமிலம், மைட்டோகாண்டிரியாவின் உள்சவ்வில் இருக்கிற கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 செப்டம்பரில் அனுமதித்தது, பார்த் நோய் என்ற மிக அரிதான பரம்பரை நோய்க்கு மட்டும், அதுவும் மேலும் ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேறொரு மைட்டோகாண்டிரியத் தசைநோயில் நடந்த பெரிய ஆய்வில் இதே மருந்து தோற்றது. முதுமைக்கு என்று யாரும் அனுமதிக்கவில்லை.

'ஜாம்பி செல்'களைக் கொல்கிற பெப்டைடு உண்டா?

எலியில் உண்டு. ஃபாக்ஸோ4-டி.ஆர்.ஐ. என்று பெயர். 2017-இல் நெதர்லாந்தில் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சாகவும் மாட்டேன், பிளக்கவும் மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டு அக்கம்பக்கத்துச் செல்களைக் கெடுக்கிற கிழச் செல்களை மட்டும் பார்த்து ஒழித்தது. எலிகளுக்கு முடி அடர்த்தியானது, சிறுநீரகம் தேறியது. அந்த எலிப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. நமக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. காயம் ஆற வேண்டுமென்றால் இந்தக் கிழச் செல்கள் கொஞ்சம் தேவைப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆச்சிக்கு மூட்டுவலி. பி.பி.சி.-157 போட்டால் ஜவ்வு வளரும் என்கிறான் பேரன்.

15 அமினோ அமிலம், குரோஷியாவில் ஸாக்ரெப் நகரத்தில் பிரெட்ராக் சிகிரிச் குழு 1990-களிலிருந்து ஆராய்கிறது. எலிகளில் தசைநாண், குடல், கல்லீரல் என்று எதைத் தொட்டாலும் நன்மை என்றே முடிவு வருகிறது. எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒன்று வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், அது தொழில் புத்தி. மனிதர்களில் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டி ஆய்வுகள். புது ரத்தக்குழாய்களை வளர்க்கிறது என்கிறார்கள். காயத்துக்கு அது நல்லது, கட்டி எங்காவது இருந்தால் அதற்கும் அது தீனி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-இல் விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்துவிட்டது. ஆச்சிக்கு எலும்பு மருத்துவர், பிசியோதெரபி.

சரி, வயதானவர்களுக்கு நிஜமாகவே பயன்படுகிற பெப்டைடு ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் பளபளப்பு இல்லை. டெரிபாரடைடு. 34 அமினோ அமிலம், எலும்பு தேய்ந்து உடையும் நிலையில் இருப்பவர்களுக்குத் தினமும் போடுகிற ஊசி, 2002-இல் அமெரிக்காவில் அனுமதி, நம் ஊரிலும் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிறது. எலிகளுக்கு அதிக அளவில் போட்டபோது எலும்புப் புற்றுநோய் வந்தது. அதனால் பெட்டியில் கடுமையான எச்சரிக்கை போட்டு, இரண்டு வருடத்துக்கு மேல் கூடாது என்றார்கள். பிறகு வருடக்கணக்கில் மனிதர்களைக் கண்காணித்ததில் அந்தப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை, 2020-இல் எச்சரிக்கையை எடுத்தார்கள். எலிக்கு வந்தது நமக்கு வரவில்லை. அப்படியானால் எலிக்குக் கிடைத்த நன்மை மட்டும் நமக்கு அப்படியே கிடைத்துவிடுமா?

வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுகிற சி.ஜே.சி.-1295, இபாமோரெலின்?

1990-இல் அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. அந்த ஒரு கட்டுரையை வைத்து ஒரு வியாபாரமே எழுந்து நின்றது. நீங்கள் கேட்ட இரண்டும் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியைத் தட்டி அந்த ஹார்மோனைச் சுரக்க வைப்பவை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஹார்மோன் இல்லாமலே பிறக்கிற குள்ள எலிகள்தான் ஆய்வகத்தில் ரொம்ப நாள் வாழ்கின்றன. ஈக்வடாரில் லாரோன் குறைபாட்டால் குள்ளமாக இருக்கும் மக்களுக்கு, அதாவது அந்த ஹார்மோன் உடம்பில் எடுபடாதவர்களுக்கு, சர்க்கரை நோயும் புற்றுநோயும் அபூர்வம். தசை வேண்டும் என்றால் ஒரு கணக்கு, ஆயுள் வேண்டும் என்றால் வேறு கணக்கு. சர்க்கரை உள்ளவர்கள் பக்கத்திலேயே போகாதீர்கள், ஹார்மோன் கூடினால் சர்க்கரையும் ஏறும்.

முகத்துக்குப் பூசுகிற காப்பர் பெப்டைடு?

பூசலாம். 1973-இல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தத்திலிருந்து பிரித்த மூன்று அமினோ அமிலச் சங்கிலி, செம்பைப் பிடித்துக்கொள்ளும். கிரீமில் வருவது தோலோடு நிற்கும், சுருக்கம் கொஞ்சம் குறையலாம். அதையே ஊசியாகப் போடுவது வேறு விஷயம், அதற்கு இந்தப் பதில் பொருந்தாது.

குளுட்டாதயோன், என்.ஏ.டி. எல்லாம்?

குளுட்டாதயோன் பெப்டைடு, என்.ஏ.டி. பெப்டைடே இல்லை. கல்யாணத்துக்கு முன் நிறம் ஏற்றக் குளுட்டாதயோன் டிரிப் போடுவதற்கு நான் எதிரி.

குப்பியைக் கொண்டுவந்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்களேன்.

பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மில்லி பிடிக்கிற குப்பி, மேலே நீல மூடி, அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் உறைகாய்ச்சிய தூள். லேபிளில் பெயர், 10 மி.கி., 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல'. முடிந்தது. தொகுதி எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, காலாவதி இல்லை, உற்பத்தி உரிம எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. என் கடையில் இருக்கிற இரண்டு ரூபாய் மாத்திரை அட்டையில்கூட இத்தனையும் இருக்கும், ஒன்று விடுபட்டாலும் மருந்து ஆய்வாளர் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். 'மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எழுதி விற்பவன் நாளைக்கு ஏதாவது ஆனால் தப்பித்துக்கொள்வான், அந்த வரி அவனுடைய காப்பீடு.

99 சதவீதம் தூய்மை என்று சான்றிதழ் தந்திருக்கிறார்களே?

அந்தத் தாள் இந்தக் குப்பிக்கு உரியதுதானா என்று எப்படித் தெரியும்? தொகுதி எண்தான் இல்லையே. சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கலவையைப் பிரித்து அளக்கிற எச்.பி.எல்.சி. கருவி காட்டுகிற 99 என்பது, தூளில் இருக்கும் பெப்டைடு வகைகளில் நமக்கு வேண்டியது எவ்வளவு என்பது மட்டும். தூளின் எடையில் உப்பும் ஈரமும் எவ்வளவு என்று அது சொல்லாது. கிருமி நீக்கியதா என்று சொல்லாது. பாக்டீரியா செத்த பிறகும் விட்டுப்போகிற எண்டோடாக்சின் இருக்கிறதா என்றும் சொல்லாது, அது இருந்தால் குளிர்காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுவது வரை போகும். மீதி ஒரு சதவீதத்தில் ஒரு அமினோ அமிலம் விடுபட்ட அரைகுறைச் சங்கிலிகள் இருக்கும். அவற்றை அந்நியன் என்று எண்ணி உடம்பு எதிர்ப்புக் காட்டலாம். பி.பி.சி.-157, எபிடலான், சி.ஜே.சி.-1295 போன்றவற்றை 2023-இல் எஃப்.டி.ஏ. 'பாதுகாப்புக் கவலை உள்ளவை' பட்டியலில் போட்டபோது சொன்ன காரணங்களும் இந்த வழியில்தான்: மாசு, எதிர்ப்பாற்றல் பிரச்சினை, போதிய மனிதத் தரவு இல்லாமை.

நம்ம சிக்ரியில் கொடுத்துச் சோதிக்கலாமா?

அது மின்வேதியியல் நிலையம் ஐயா. பேட்டரி, துரு இதெல்லாம் அவர்கள் துறை.

ஃபிரிட்ஜில் வைத்தால் எத்தனை நாள் இருக்கும்?

தூளாக இருக்கும்வரை ஓரளவு தாங்கும். தண்ணீர் கலந்த நிமிடத்திலிருந்து சரியத் தொடங்கும், 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் பிடுங்கிய கரண்ட் சாயங்காலம்தான் வரும். அந்த நாட்களில் இன்சுலினைக் காப்பாற்ற நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். இன்சுலினாவது எவ்வளவு நாள் வெளியே இருக்கலாம் என்று கம்பெனி சோதித்து அச்சடித்திருக்கிறது. சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் வந்த குப்பிக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? கெட்டுப்போனாலும் பார்க்கத் தெளிந்த தண்ணீர் மாதிரியே இருக்கும்.

ஊசி பயம். காப்ஸ்யூலாக விழுங்கலாமா?

வயிற்றுக்குப் பெப்டைடும் கோழிக்குழம்பும் ஒன்றுதான், வெட்டித் தள்ளிவிடும். செமாகுளுட்டைடு மாத்திரை வந்திருக்கிறதே என்றால், அதற்கென்று தனி வேதிப்பொருள் சேர்த்தும் வெகு சொற்பமே உள்ளே போகிறது, அதனால்தான் மாத்திரையில் அளவு அவ்வளவு அதிகம்.

இந்தியாவில் இது சட்டப்படி சரியா?

1940-ஆம் வருட மருந்துச் சட்டமும் 2019-ஆம் வருடப் புது மருந்து விதிகளும்தான் கணக்கு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதிக்காத புது மருந்தை மனிதர்களுக்கு என்று விற்க முடியாது. ஆய்வுப் பொருள் என்று பெயர் ஒட்டி விற்பது அந்தச் சந்தில் நுழைந்து போவதுதான். என் கடையில் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறேன். திட்ட மாட்டீர்களே?

மாட்டேன். ஆனால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், குப்பியைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், சர்க்கரைக்கும் ரத்தம் இளக்கவும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். புற்றுநோய் வந்து தேறியவர்கள், குடும்பத்தில் உள்ளவர்கள் இன்றைக்கே நிறுத்திவிட்டுப் போய்க் கேளுங்கள். ஒரே குப்பியிலிருந்து வீட்டில் நாலு பேர் எடுப்பது வேண்டவே வேண்டாம். போட்ட இடம் சிவந்து சூடாக வீங்கினாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. மூச்சு முட்டினால், உதடு நாக்கு வீங்கினால், 108. 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு நீண்டாயுள் மாநாட்டில் பெப்டைடு ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் மூச்சுக்குழாயில் குழாய் வைக்கிற நிலைக்குப் போனார்கள். அங்கே மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. நீங்கள் கானாடுகாத்தானில் இரண்டாங்கட்டில் தனியாக இருக்கும்போது அப்படி ஆனால் கூப்பிட்டால் வருவதற்கு யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

முறையான ஆய்வில் சேர்ந்து போட்டுக்கொள்ளலாமா?

அது நல்ல யோசனை. இந்தியாவில் நடக்கிற மருந்து ஆய்வுகளை அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும், ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்பது விதி. 'எங்கள் கிளினிக்கில் ஆய்வு நடக்கிறது, மாதம் இவ்வளவு கட்டினால் போதும்' என்று யாராவது சொன்னால் பதிவு எண் கேளுங்கள். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குகிற இடத்தில் எண் இருக்காது, எழுந்து வந்துவிடலாம்.